அமத்தச் சொன்னது

ஊரணிப்பட்டி
11.2.2025

சுடலைமணிக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பேரைச் சொல்லியே எழுதுகிறேன். ஜெயிலிலிருந்து நீ மூன்று தடவை போன் போட்டாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் போனைக் கல்லில் அடித்து உடைத்துவிடுவேன். வீட்டில் இருப்பது ஒரே போன். ஜெயப்பிரியாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற சேதியெல்லாம் அதில்தான் வருகிறது. சொல்ல எதுவும் இருந்தால் எழுது. நானும் எழுத்திலேயே கேட்கிறேன்.

அவர் போய் இன்றோடு நாற்பது நாள். காட்டுப்பன்றிக்கு என்று உன் மக்காச்சோளப் புஞ்சையைச் சுற்றிக் கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் கொடுத்தாயே, அந்தக் கம்பியில் ஒரு பன்றிக்குட்டி கூட விழவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி ஆளை அல்லவா மேய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அந்த வாரம் லாரிக்கு லோடு இல்லை என்று வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. காலை ஆறரை மணி பஸ்ஸில் இறங்கி, ரோட்டைச் சுற்றாமல் உன் வரப்பு வழியாகக் குறுக்கே வந்திருக்கிறார். மச்சான் புஞ்சைதானே என்று வந்த மனுஷன். நான் போய்ப் பார்த்தபோது ஒரு செருப்பு காலில் இருந்தது, ஒன்று வரப்பில் கிடந்தது. கையில் இருந்த பையை விடவே இல்லை. மகளுக்கு வாங்கின ஜியாமெட்ரி பாக்ஸ் அதில் இருந்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அன்றைக்குப் பத்து மணிக்குள் ஊரில் ஒரு புஞ்சையிலும் கம்பி இல்லை. ஆளாளுக்குச் சுருட்டிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டார்கள். கோபாலசாமி மாமா வீட்டில் என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, அவர் மகன் பின்வாசல் வழியாகக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரும் போட்டதுதான். ஆனால் கொன்றது நீ.

உன் சோளத்தைப் பன்றி நாலே நாளில் தின்று முடித்துவிட்டது. ஒரு கதிர் மிச்சமில்லை. சந்தோஷமா?

இசக்கிசெல்வி

*

பாளையங்கோட்டை
24.2.2025

அன்புள்ள தங்கச்சி செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பேரைச் சொல்லி எழுதியதில் தப்பில்லை. இன்னும் கேவலமாகக்கூட எழுதலாம்.

எனக்கு உன்னைப்போல் எழுத வராது. எட்டாவதோடு நின்றவன். பக்கத்தில் இருக்கிற ஒருவர் பேனா தந்தார், நானேதான் எழுதுகிறேன்.

கம்பி போட்டதற்கு நியாயம் சொல்ல வரவில்லை. மேற்கே சோலார்காரன் வந்து கருவேலங்காட்டை எல்லாம் தள்ளி ஆள் உயரத்துக்கு வேலி போட்ட பிறகு, அங்கே கிடந்த பன்றி அத்தனையும் நம்ம புஞ்சைக்கு வந்தது உனக்குத் தெரியும். போன வருஷம் பாதி போச்சு. மூன்று தடவை மனுக் கொடுத்தோம். வந்து போட்டோ எடுத்தார்கள். ராக்காவல் இருந்து பார்த்தேன், தகரம் தட்டிப் பார்த்தேன். பன்றி தகரச் சத்தத்துக்குப் பழகிப்போச்சு. உயிர் பெரிசா உடைமை பெரிசா என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். புஞ்சையில் நிற்கும்போது ரெண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

ராத்திரி போட்ட கரண்டை நிறுத்த மறந்து பஸ் ஏறிவிட்டேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுதான் கேஸ். கவனக்குறைவு என்று வாதாடலாம் என்கிறார் வக்கீல். ஜாமீனுக்கு ரெண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஊரில் ஒருத்தரும் வரவில்லை. வராததில் ஆச்சரியம் இல்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். கோபப்படாதே. அன்றைக்கு நான் பஸ்ஸிலிருந்து உனக்குப் போன் போட்டேனே, அதற்குப் பிறகு நீ மோட்டார் ரூமுக்குப் போனாயா? போகாமல் இருந்திருந்தாலும் தப்பே இல்லை. மார்கழிக் குளிரில் அந்நேரம் யார் போவார்கள். போனாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
சுடலைமணி

*

ஊரணிப்பட்டி
9.3.2025

சுடலைமணிக்கு,

என்ன கேள்வி கேட்கிறாய் நீ? போகாமல் இருந்திருந்தால் தப்பில்லையாம்! நான் போகாமல் இருந்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பாரே!

போனேன். முற்றம் தெளிக்க எடுத்த வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். நீ ஒரு வேலை சொல்லி நான் என்றைக்குப் போகாமல் இருந்தேன்? கதவைத் திறந்தேன். சுவிட்சு மேலே இருந்தது. நீ அமுத்தச் சொன்னாய், அமுத்தினேன். ரெண்டு நாளாகப் பன்றி விடிந்த பிறகும் நின்று தின்கிறதே, நீ மதினியைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறாய், வருகிற வரைக்கும் கம்பியில் கரண்ட் ஓடட்டும் என்று சொல்கிறாய் போல என்று நினைத்துக்கொண்டேன். வடக்குத்தெருப் பிள்ளைகளிடம், "ஏலே, அந்தப் பக்கம் போகாதீங்க, கரண்ட் ஓடுது"ன்னு சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். பஸ்ஸில் வருகிறவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. போலீஸ் கேட்டபோது என் வாய் திறக்கவில்லை. நீ என்னடா என்றால் ராத்திரி போட்டேன், மறந்துபோனேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். பகலில் ஆள் நடக்கிற நேரத்தில் தங்கச்சியை விட்டு அமுத்தச் சொன்னேன் என்றால் தண்டனை கூடும் என்றுதானே மாற்றிச் சொன்னாய்? உன் தோலைக் காப்பாற்றிக்கொண்டாய். என் கையை வைத்து என் தாலியை அறுத்துவிட்டு, இப்போது போனாயா என்று கேட்கிறாய்.

ராத்திரியில் இந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெயப்பிரியா, "ஏம்மா கையையே பாக்குத?" என்கிறாள்.

செல்வி

*

பாளையங்கோட்டை
30.3.2025

செல்விக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். அதில் ஒரு வரியை மட்டும் இன்னும் கூட வாசித்தேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஆமாம். நான் அமுத்தத்தான் சொன்னேன்.

நீ செய்தது நான் சொன்ன வேலை. கம்பி என்னுது, கரண்ட் என்னுது, சொன்னதும் நான். உன் விரலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீ எழுதினது சரி, தண்டனைக்குப் பயந்துதான் மாற்றிச் சொன்னேன். நான் அப்படிப்பட்டவன்தான். என்னைத் திட்டு. நன்றாகத் திட்டு. கையைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

இனிமேல் இதை எழுத வேண்டாம். இங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை பார்த்தவர் அவசரத்தில் இருந்திருப்பார், ஒன்றும் கேட்கவில்லை. உன் மதினி பொன்மணியிடமும் இதைப் பேசாதே. அவள் அவளுடைய அம்மா வீட்டில், நாகலாபுரத்திலேயே இருக்கட்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஜெயப்பிரியாவைப் படிக்க வை.

சுடலைமணி

*

ஊரணிப்பட்டி
15.6.2025

அண்ணனுக்கு,

அண்ணன் என்றே எழுதுகிறேன். ஐயோ, என்ன காரியம் செய்தாய் நீ!

நேற்று மதினி ரேஷன் கார்டு எடுக்க வந்தாள். குழாயடியில் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. நாலு பேருக்கு முன்னால் நானும் வாயை விட்டேன். "ஒம் புருசன் எங்கிட்ட என்ன சொன்னாவன்னு தெரியுமா? பகல்ல கரண்டப் போடச் சொன்னாவ!" என்று கத்திவிட்டேன். மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். என்னை இழுத்துக்கொண்டு கோயில் பின்னால் போனாள்.

"ஏட்டி செல்வி, பக்கத்து சீட்டுல நாந்தானட்டி இருந்தேன். 'நான் அமத்துனனா இல்லியான்னு நெனப்பில்ல, நீ போயி அமத்திரு'ன்னாவ. எங் காதால கேட்டேன். வெளக்க அமத்துன்னா அணைன்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்க அம்மை சொல்லாத சொல்லா?"

அண்ணா, பஸ் ஹாரன் அடித்தது. எனக்கு 'அமுத்திரு' என்றுதான் விழுந்தது. முதலில் சொன்னது எதுவுமே கேட்கவில்லை. கடைசி வார்த்தைதான் கேட்டது. அமத்து, அமுத்து. ஒரே ஒரு எழுத்து. திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்? "எதுக்குண்ணே?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அம்மை ஆயிரம் தடவை "வெளக்க அமத்துட்டி" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையாவது நான் தப்பாகச் செய்திருக்கிறேனா? அன்றைக்கு மட்டும் எனக்குக் காது எங்கே போனது?

நான் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தானே உனக்கு விளங்கியது? விளங்கிய பிறகு, நான் அமுத்தத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே. ஆறு மாதமாக உன்னைக் கொலைகாரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண்ணை வாரித் தூற்றினேன். உன் குலம் விளங்காது என்றேன். பிள்ளையில்லாத உன்னைப் பார்த்துச் சொன்னேன்.

நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீ வெளியே வா.

உன் தங்கச்சி,
செல்வி

*

பாளையங்கோட்டை
2.7.2025

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

ஸ்டேஷனுக்குப் போகாதே. போயிருந்தால், இனி போகாதே. உன் கடிதம் எப்படியோ பிரிக்காமலே வந்தது, இதை நான் விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பொன்மணி சொன்னது உண்மைதான். உனக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன. அன்றைக்கு விடியும் முன்னால் நானே கரண்டை நிறுத்தினேன். கம்பி முனையில் டெஸ்டர் வைத்தும் பார்த்தேன். அதற்குள் பஸ் வருகிற வெளிச்சம் தெரிந்தது. டெஸ்டரை ரூமில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற என் புத்தி. பையைத் தொட்டுப் பார்த்திருந்தால் டெஸ்டர் தட்டுப்பட்டிருக்கும். உனக்குப் போனே போட்டிருக்க மாட்டேன். இங்கே வந்து சட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போதுதான் அது கீழே விழுந்தது. அதற்குள் மறந்துபோனேன் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அன்றையிலிருந்து யார் போட்டிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வரப்புத் தகராறு உள்ளவன் ஒவ்வொருத்தனையும் நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை.

வக்கீலிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேரும் உள்ள போகணும், அவ்வளவுதான்" என்றார். கம்பி போட்டது போட்டதுதான். நீ சொன்னாலும் எனக்கு விடுதலை கிடையாது. நீயும் வந்துவிட்டால் ஜெயப்பிரியாவை யார் பார்ப்பார்கள்? அப்பன் மண்ணுக்குள்ளே, அம்மையும் மாமனும் ஜெயிலுக்குள்ளே. அவளுக்கு என்ன வயசு?

மாப்பிள்ளையை நான் கொன்றதாகவே இருக்கட்டும். கோர்ட்டில் உன்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன் என்று சொல். அதோடு இறங்கிவிடு. மறதிக்கு உள்ள தண்டனையோடு போகும். அதை நான் கழித்துவிடுவேன்.

அண்ணன்,
சுடலைமணி

*

ஊரணிப்பட்டி
23.11.2025

அண்ணனுக்கு,

கோர்ட்டில் நான் உன்னைப் பார்த்தேன். நீ குனிந்தே நின்றாய். நான் கூண்டில் ஏறியதும், வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். அதையும் பார்த்தேன்.

நீ சொன்னபடிதான் சொல்ல வேண்டுமென்று போனேன். "சத்தம் கேட்டுப் போனேன்" வரைக்கும் சொன்னேன். அப்புறம் அரசு வக்கீல், "இந்த எதிரி மனித உயிரை மதிக்காதவர், அப்படித்தானே?" என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைப் பற்றி அப்படிக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. "இல்லய்யா, எங்க அண்ணன் அமத்தத்தான் சொன்னாவ, நாந்தான் தப்பா அமுத்திட்டேன்" என்றேன்.

ஜட்ஜ் நம்ம பக்கத்து ஆள் இல்லை. என்ன சொல்கிறாய் என்றார். அரசு வக்கீல் துள்ளிக் குதித்துவிட்டார். "அமுத்தச் சொன்னாரா?" "அமத்தச் சொன்னாவய்யா." "அதுதாம்மா, அமுத்தச் சொன்னார்." "அய்யா, அமுத்த இல்ல, அமத்த!" பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், அமைதியாக இருங்கள் என்றார் ஜட்ஜ். டைப் அடிக்கிற பெண் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஏதோ கடகடவென்று வாசித்தார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன்.

நேற்று உன் வக்கீலிடம் போய் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இப்படி இருக்கிறது: 'எதிரி தொலைபேசியில் சுவிட்சை அமுத்தச் சொன்னார். நான் அமுத்தினேன்.' என் கையெழுத்து அதற்குக் கீழே இருக்கிறது.

வக்கீல் கையை விரித்துவிட்டார். "மறதின்னு ஒரு கேஸ் வச்சிருந்தேன். ஆள் நடமாட்டம் தெரிஞ்சே பகல்ல போடச் சொன்னதா ஆக்கிட்டீங்களேம்மா. சொந்தத் தங்கச்சி வாயால வந்திருக்கு. இனி என்ன பண்ண?" என்றார். என்னையும் சேர்த்துப் பிடிக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் சொல்படி செஞ்ச அப்பாவின்னு உங்கள விட்டிருக்காங்க, பேசாம இருங்க" என்றார்.

அண்ணா, உனக்குப் பேச ஒரு வாய்ப்பு உண்டாம். ஜட்ஜ் உன்னைக் கேட்பாராம். அப்போது சொல். என் தங்கச்சிதான் போட்டாள், நான் அணைக்கச் சொன்னேன் என்று சொல். அமத்த என்று சொல்லாதே, அணைக்க என்று சொல். டெஸ்டரைச் சொல். மதினியைச் சாட்சிக்குக் கூப்பிடு. என்னைப் பற்றி நினைக்காதே. உன் காலில் விழுகிறேன்.

இங்கே மக்காச்சோளம் இடுப்புக்கு வந்துவிட்டது. இந்த வருஷமும் எல்லாரும் கம்பி போட்டிருக்கிறார்கள். கோபாலசாமி மாமா மகன் ரெண்டு சுற்றுப் போட்டிருக்கிறான். கேட்டால், "நாங்க ஒங்கள மாதிரி அசால்ட்டா இருக்க மாட்டோம்" என்கிறான். ஜெயப்பிரியா பஸ்ஸுக்குப் போகும்போது நான் முன்னால் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே நடக்கிறேன். அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம். "பின்னால தூரமா வாம்மா" என்கிறாள்.

செல்வி

*

பாளையங்கோட்டை
18.1.2026

செல்விக்கு,

தீர்ப்பு ஆகிவிட்டது. உனக்கு வக்கீல் சொல்லியிருப்பார். ஏழு வருஷம்.

ஜட்ஜ் என்னைக் கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். "உன் தங்கை சொல்லியிருக்கிறாள், சுவிட்சை அமுத்தச் சொன்னாயா?" என்றார். நீ எழுதியதெல்லாம் ஞாபகம் இருந்தது. அணைக்க என்று சொல்ல வேண்டும், டெஸ்டர் என்று சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அணைக்கச் சொன்னேன் என்றால் அடுத்த கேள்வி, பிறகு யார் போட்டது என்பதுதானே. நீ வாசல் பக்கம் ஜெயப்பிரியாவோடு நின்றாய். அவளை ஏன் கூட்டி வந்தாய்?

"சொன்னேன்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. ரெண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கோபம் இருக்கிறது செல்வி. சொல்லாதே என்றேன், சொன்னாய். சொன்னதையும் என் தலையில் விழுகிற மாதிரிச் சொன்னாய். நல்லதுக்குத்தான் சொன்னாய் என்று தெரியும். தெரிந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை முகம் வருகிறது, உடனே அந்தக் கோபம் என்மேல் திரும்புகிறது. கம்பி போட்டவன் நான்தானே. இப்படியே மாறி மாறி ஓடுகிறது.

பொன்மணி போன வாரம் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாளாம். புஞ்சையைச் சோலார்காரனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். நீயும் உன் துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கேயாவது டவுன் பக்கம் போ. அந்த வரப்பு வழியாகப் பிள்ளையை நடத்தாதே.

ஜெயப்பிரியா பெரியவளாகி, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்பாள். மாமா கரண்ட் போடச் சொன்னான், அதனால் செத்தார் என்று சொல். காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நீ அதையே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள். கொஞ்ச நாளில் உனக்கும் அப்படித்தான் நடந்தது என்று தோன்றிவிடும். எனக்கே இப்போது சில நாள் அப்படித் தோன்றுகிறது. நான் என்ன சொன்னேன், அமத்தவா, அமுத்தவா என்று காலையில் எழுந்ததும் குழம்பிவிடுகிறது. வாயால் ரெண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறதாம்.

இனிக் கடிதம் போட வேண்டாம்.

சுடலைமணி